ஏழாம் வகுப்புக்கு ஒரு தொடர் வேண்டும்!

குட்டி நண்பர்களே, டிவியில் வந்த பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்று உங்கள் மாமாவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்கள். 'கனா காணும் காலங்கள்' என்று சட்டென்று சொல்வார்கள்! விஜய் டிவியில் 2006-ல் தொடங்கிய தொடர் அது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் கதை. அதே பெயரில் 2022-ல் ஹாட்ஸ்டாரில் புதிதாகவும் ஒன்று வந்தது.

சரி, ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கதை எங்கே? குடும்பத் தொடர்களில் அவர்களும் வருகிறார்கள். ஆனால், பெரும்பாலும் ஓர் ஓரமாக நின்று அழுவார்கள். இல்லாவிட்டால், பெரியவர்களைப் போல நீளமாக வசனம் பேசுவார்கள். நீங்கள் வகுப்பில் அப்படியா பேசுகிறீர்கள்?

இந்த வயதில் கதையே இல்லை என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! உண்மையில், நிறைய இருக்கிறது.

புதுச்சேரியில் உள்ள சேதராப்பட்டையே எடுத்துக்கொள்வோம். தொழிற்பேட்டை இருக்கும் ஊர். அங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். அவர் பகலில் தூங்குவதால், லீவு நாளில்கூட வீட்டில் சத்தம் போட முடியாது. 2023-24 கல்வி ஆண்டில் அவன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். அந்த ஆண்டுதான் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. ஆறாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவன் கையில், இப்போது புதுப் புத்தகம். பக்கத்தில் தமிழ்நாட்டு ஊரில் இருக்கும் பெரியப்பா மகனிடம் சந்தேகம் கேட்கலாம் என்றால், அவனுக்கு வேறு புத்தகம்! முதல் பரீட்சையில் மார்க் குறைகிறது. வீட்டில் எப்படிச் சொல்வது?

சண்டைக் காட்சி இல்லை, வில்லன் இல்லை. ஆனாலும், அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது அல்லவா?

இந்த மாதிரிக் கதைகளை ஒரு நாட்டில் தொடராகவே எடுத்தார்கள். தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் டொரண்டோ நகரில் உருவான அந்தத் தொடரின் பெயர் 'டெக்ராஸி ஜூனியர் ஹை'. லிண்டா ஷைலர், கிட் ஹூட் என்ற இருவர் உருவாக்கி, 1987-ல் சி.பி.சி. தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. டெக்ராஸி என்பது டொரண்டோவில் உள்ள ஒரு தெருவின் பெயர்.

அதில் என்ன விசேஷம் தெரியுமா? மாணவர்களாக நடித்தவர்கள் கிட்டத்தட்ட அதே வயதுப் பிள்ளைகள்! இருபத்தைந்து வயது அண்ணன் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வரவில்லை. கதை வசனத்தை அந்தப் பிள்ளைகளிடமே படிக்கக் கொடுத்து, கருத்தும் கேட்டார்கள்.

வீல்ஸ் என்று ஒரு மாணவன் அதில் வருவான். குடித்துவிட்டு ஒருவர் கார் ஓட்டியதால் நடந்த விபத்தில், அவனை எடுத்து வளர்த்த அப்பாவும் அம்மாவும் இறந்துவிடுகிறார்கள். நம் தொடர் என்றால் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் பாட்டு! அங்கே அப்படி இல்லை. அவனுடைய துக்கம் பல வாரங்கள் தொடர்கிறது. படிப்பு கெடுகிறது. நண்பர்களிடம் எரிந்து விழுகிறான். துக்கம் சீக்கிரம் போகாது என்பதை அந்தத் தொடர் மறைக்கவில்லை.

"பள்ளிக் கதையைப் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆசிரியரைக் கிண்டல் செய்வதும், குண்டாக இருப்பவரைக் கேலி செய்வதும் பல படங்களில் 'காமெடி' ஆகிவிட்டது. பார்த்துவிட்டு மறுநாளே வகுப்பில் அதைச் செய்து காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால், கேலிக்கு ஆளானவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிடுவதையும் காட்டினால்? கிண்டல் செய்யக் கை தட்டியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்களே!

தமிழில் இது முடியுமா? ஏன் முடியாது! பாண்டிராஜ் இயக்கிய 'பசங்க' படம் 2009-ல் வந்தது. புதுக்கோட்டை மாவட்டம் விராச்சிலை கிராமத்துப் பிள்ளைகளின் கதை. அம்மா அப்பா சண்டை போட்டால் பிள்ளையின் மனசு என்ன பாடுபடும் என்று காட்டிய படம். அதில் நடித்த கிஷோர், ஸ்ரீராம் இருவரும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருது பெற்றார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் முடிந்தது, வாராவாரம் வரும் தொடரில் முடியாதா?

"நடிக்கப் போனால் படிப்பு என்ன ஆவது?" நல்ல கேள்வி. அதற்கும் சட்டம் இருக்கிறது. 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, குழந்தை நடிகர்களை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு தராமல் 3 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் போடப்பட வேண்டும். படப்பிடிப்பைக் கோடை விடுமுறையில் வைத்தால் பள்ளிக்கும் பாதிப்பு இருக்காது.

எனவே, டிவி நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு தொடர் எடுங்கள். அவர்கள் வயதுப் பிள்ளைகளையே நடிக்க வையுங்கள். எழுதும் முன், ஒரு ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

குட்டீஸ், உங்களுக்கும் ஒரு வார்த்தை. மனசில் ஒரு பாரம் இருந்தால், தொடர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அம்மா, அப்பா, பிடித்த டீச்சர், யாரிடமாவது இன்றே சொல்லுங்கள். யாரும் இல்லையென்று தோன்றினால், 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். உங்கள் பக்கத்து பெஞ்ச் நண்பன் நாலு நாளாகப் பேசாமல் இருந்தால், "என்னடா ஆச்சு?" என்று நீங்களே கேளுங்கள்!