செவிலியர் தலையில் கடன் சுமை: அரசுக்கும் பொறுப்பு உண்டு, நமக்கும் உண்டு!

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து அலுவலகத்தில் வந்து அமர்ந்த சற்று நேரத்தில் ஒரு தந்தையும் மகளும் உள்ளே வந்தார்கள். தந்தை சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். தந்தையின் கையில் வங்கி அனுப்பிய நோட்டீஸ்.

"ஹஜ்ரத், நீங்க சொல்லித்தான் 2018ல புள்ளைய நர்சிங் சேர்த்தேன். நீங்க சொல்லித்தான் லோனும் போட்டேன். இப்ப பாருங்க" என்று நோட்டீஸை மேசைமீது வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கணக்கைப் பார்த்தோம். ஆண்டுக்கு 80,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் வாங்கிய கடன் 3,20,000 ரூபாய். வட்டி 11 சதவீதம். படித்த காலத்திலும் அதன் பிறகான ஓராண்டிலும் சேர்ந்த வட்டி மட்டும் 1,23,200 ரூபாய். முதல் தவணை கட்டத் தொடங்கும் முன்பே கடன் 4,43,200 ரூபாயாகிவிட்டது! ஏழு ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 7,600 ரூபாய். அந்தப் பெண்ணின் சம்பளம் 12,000 ரூபாய். இரவுப் பணிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் இதற்குள்தான். மூன்று தவணைகள் நின்றன, நோட்டீஸ் வந்துவிட்டது.

"வருமானச் சான்று கொடுத்தீர்களா பாய்?" என்று கேட்டோம். "அப்படி யாரும் கேக்கலியே ஹஜ்ரத்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது.

அன்பார்ந்த வாசகர்களே! 2009-10ஆம் கல்வியாண்டு முதல் மத்திய அரசின் கல்விக் கடன் வட்டி மானியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் படிப்பு முடிந்த பின் ஓராண்டுக்கும் உள்ள வட்டி முழுவதையும் அரசே வங்கிக்குக் கட்டிவிடும். நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற செவிலியர் படிப்பும் இதில் அடங்கும். மாணவி செய்ய வேண்டியது, வட்டாட்சியர் வழங்கும் வருமானச் சான்றை உரிய நேரத்தில் வங்கியில் கொடுத்து, மானியம் கோரப்பட்டதா என்று ஆண்டுதோறும் கேட்டு உறுதி செய்துகொள்வது. அவ்வளவுதான்.

இந்தத் தந்தையின் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய். அந்தச் சான்று கொடுக்கப்பட்டிருந்தால் 1,23,200 ரூபாய் அவர் தலையில் விழுந்திருக்காது. மாதத் தவணையும் சுமார் 5,500 ரூபாயாக இருந்திருக்கும். வங்கி கேட்கவில்லை. கல்லூரி சொல்லவில்லை. சரி, வங்கிக்கு அனுப்பி வைத்த நாம் சொன்னோமா? சொல்லவில்லை. 'பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்' என்று மிம்பரில் ஏறி முழங்கினோம். படிக்கும் வழியில் கிடக்கும் பள்ளத்தைக் காட்டவில்லை. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

சம்பளம் எங்கே போயிற்று?

கடன் மட்டுமா பிரச்சினை? சம்பளம் ஒழுங்காக இருந்தால் எந்தச் செவிலியரும் தவணையை நிறுத்தப் போவதில்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு என்ன சொன்னது? 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தரவேண்டும். 50 படுக்கைகளுக்கும் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரை மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2018ல் கேரளம் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. நம்மிடம் வந்த பெண்ணோ இன்றும் 12,000 ரூபாய்க்கு இரவு பகலாக நிற்கிறார். பரிந்துரை காகிதத்தில் உறங்குகிறது!

அரசு வேலையின் நிலை என்ன? 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வு எழுதி வந்த செவிலியர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியதை நாடே பார்த்தது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த தற்காலிகச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்து வைக்கப்பட்டது. ஆபத்தில் கைதட்டினார்கள், ஆபத்து நீங்கியதும் கைகழுவினார்கள். கைதட்டலை வைத்து வங்கித் தவணை கட்ட முடியுமா?

மற்றவர்கள் செய்தது என்ன?

'கடன் வாங்கியவர்தானே கட்டவேண்டும், அரசு ஏன் கட்டவேண்டும்?' என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நெடுந்தூரம் போகவேண்டாம், பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம்.

2017ல் கேரள அரசு கல்விக் கடன் திருப்பிச் செலுத்த உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கென 900 கோடி ரூபாய் என்று அறிவித்தது. 9 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் முதல் ஆண்டில் கட்டவேண்டிய தொகையில் 90 சதவீதம் அரசின் பங்கு. இரண்டாம் ஆண்டில் 75, மூன்றாம் ஆண்டில் 50, நான்காம் ஆண்டில் 25 சதவீதம். இதன் பொருள் என்ன? வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளம் குறைவாக இருக்கும்போது அரசு அதிகம் தாங்குகிறது. சம்பளம் ஏற ஏற பொறுப்பு படித்தவர் தோளுக்கு மாறுகிறது. நடக்கப் பழகும் பிள்ளையின் கையை எப்படிப் பிடித்து எப்படி விடுகிறோமோ அப்படி!

அமெரிக்காவிலும் செவிலியருக்கென்றே ஒரு திட்டம் உண்டு. செவிலியர் பற்றாக்குறை உள்ள மருத்துவமனையில் இரண்டாண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால், நர்சிங் படிப்புக்காக வாங்கிய கடனில் 60 சதவீதத்தை அரசு அடைக்கிறது. மூன்றாம் ஆண்டும் நீடிக்க ஒப்பந்தமானால் இன்னும் 25 சதவீதம். ஆக 85 சதவீதம். செவிலியர் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றுபவரும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காவின் எல்லாக் காரியத்தையும் மெச்சுபவர்கள் அல்லர் நாம். இந்தத் திட்டத்திலும் முள் உண்டு. ஒப்பந்தக் காலத்தை முடிக்காமல் விலகினால் வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும். கிடைக்கும் தொகைக்கு வருமான வரியும் உண்டு. இருந்தாலும் அதன் அடிப்படை சரியானது. மருத்துவர் போக மறுக்கும் ஊரில், செவிலியர் நிற்காத ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரு பெண் மூன்றாண்டுகள் வேலை செய்கிறார். அதற்கு ஈடாக அவர் கடனை அரசு ஏற்கிறது. இது தள்ளுபடி அல்ல, தர்மமும் அல்ல. வேலைக்குக் கொடுக்கும் கூலி! கட்டாதவருக்குப் பரிசு, ஒழுங்காகக் கட்டியவருக்குத் தண்டனை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஆகவே தமிழக அரசை நாம் கேட்பது இதுதான். கிராமப்புற அரசு மருத்துவ நிலையங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற முன்வரும் செவிலியரின் கல்விக் கடனை அரசு படிப்படியாக அடைக்கட்டும். அதில் மூன்று நிபந்தனைகள் இருக்கவேண்டும். ஒன்று, சேர்வது அவரவர் விருப்பம். சான்றிதழைப் பிடுங்கி வைத்து அடிமை சாசனம் எழுதும் வேலை கூடாது. இரண்டு, கடன் உதவியைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. மூன்று, திருமணம், பிரசவம், நோய் ஆகியவற்றால் பணி தடைப்பட்டால் பெண்ணைக் குற்றவாளியாக்கக் கூடாது. இதை நாம் முஸ்லிம் செவிலியருக்காக மட்டும் கேட்கவில்லை. அந்தத் தந்தையின் இடத்தில் ஒரு தலித் தந்தையும், மீனவத் தந்தையும், நெசவாளத் தந்தையும் நிற்கிறார்கள்.

அரசு வரும்வரை நாம் செய்யவேண்டியது

அரசு செய்யட்டும் என்று கைகட்டி இருக்க முடியாது. வங்கிக் கதவைத் தட்டும் குடும்பங்கள் இவற்றை மனதில் கொள்ள வேண்டும்.

1. நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்க வங்கிக்கு அதிகாரம் இல்லை. கேட்டால் எழுத்து மூலம் தரச் சொல்லுங்கள். பேச்சு தானாகவே மாறும்.

2. கடன் விண்ணப்பத்தோடு வருமானச் சான்றையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்பதைச் சேரும் முன்பே விசாரியுங்கள். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் மானியமும் இல்லை, வேலையும் இல்லை.

3. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் ஓடி ஒளியாதீர்கள். வேலையில்லாத காலத்துக்கும், போதிய சம்பளமில்லாத காலத்துக்கும் தவணையை ஒத்திவைக்கவும், ஆரம்பத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் கட்டும்படி மாற்றியமைக்கவும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடமுண்டு. திருப்பிச் செலுத்தும் காலத்தை 15 ஆண்டுகள் வரை நீட்டவும் முடியும். சம்பளச் சீட்டை இணைத்து மேலாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

4. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

5. 1999ல் தொடங்கப்பட்ட சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், அதாவது டாம்கோ, குறைந்த வட்டியில் கல்விக் கடன் தருகிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை. வட்டி ஹராம் என்று மேடைதோறும் பேசுகிறோம். சரியான பேச்சுதான். வட்டிக்கு அஞ்சிப் படிப்பையே விட்டுவிட்ட பெண்களை நாம் அறிவோம். வேறு வழியின்றி வட்டிக் கடனில் சிக்கிக் கண்ணீர் விடும் பெண்களையும் அறிவோம். இருவருக்கும் நாம் கொடுத்தது உபதேசம் மட்டும்தானே? ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோரும் ஒரு பிரிவினர் என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பாடம். அந்தப் பிரிவு நம் ஊர் பைத்துல்மால் கணக்கில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? ரமளானில் சேலையும் அரிசியும் நூறு வீடுகளுக்குப் பங்கிடுகிறோம். அதோடு ஒரே ஒரு மாணவியின் ஆண்டுக் கட்டணத்தை வட்டியில்லாமல் கொடுத்தால், நான்கு ஆண்டில் அவள் தன் வீட்டையும் தூக்குவாள், பின்வரும் ஒரு மாணவிக்குப் பணத்தைத் திருப்பியும் தருவாள்.

அந்தத் தந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுவாரம் அவரோடு வங்கிக்குப் போனோம். கடந்துபோன ஆண்டுகளின் மானியத்துக்குக் கையை விரித்துவிட்டார்கள். விடாமல் பேசியதில் தவணைக் காலத்தை நீட்ட மனு வாங்கிக்கொண்டார்கள். நின்றுபோன மூன்று தவணைகளை ஊர் ஜமாஅத் ஏற்றுக்கொண்டது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டோம். போன பணம் போனதுதான்.

வங்கியைவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பெண் சொன்னார்: "அத்தா, நைட் டூட்டிக்கு நேரமாச்சு, நான் அப்படியே போறேன்." அன்றிரவு யாருடைய தாய்க்கோ, யாருடைய பிள்ளைக்கோ அவர் கைதான் மருந்து கொடுத்திருக்கும். அந்தக் கையில் விலங்கு மாட்டியிருக்கிறது இந்தக் கடன். அதைக் கழற்றும் பொறுப்பு அரசுக்கு உண்டு, ஜமாஅத்துகளுக்கும் உண்டு.

வரும் கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்கும் முன், ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மேலே சொன்ன ஐந்து குறிப்புகளும் எழுதப்படட்டும். 'யாரும் கேக்கலியே ஹஜ்ரத்' என்று இன்னொரு தந்தை நம்மிடம் வந்து சொல்லும் நிலை இனி வரக் கூடாது.