பவர் டில்லர் தேய்மானம்: எக்செல் கணக்கில் பிழை எங்கே?

கேள்வி: பவர் டில்லர் விலை ரூ.2,00,000. 10 ஆண்டு உழைத்தபின் ரூ.20,000-க்குப் போகும். எக்செல்லில் ஆண்டுத் தேய்மானம் ரூ.1,98,000 என்று வருகிறது. வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்க வேண்டாம், பிழை பார்முலாவில்தான். அடைப்புக்குறி இல்லாவிட்டால் எக்செல் முதலில் 20,000-ஐ 10-ஆல் வகுத்து, அந்த 2,000-ஐ விலையில் கழித்துவிடும். வாங்கிய விலை பி2, விற்கும் விலை பி3, ஆண்டுகள் பி4 கட்டத்தில் இருந்தால் =(பி2-பி3)/பி4 என்று ஆங்கில எழுத்தில் அடிக்கவும். ரூ.18,000 வரும்.

சரிபார்க்க: 10 ஆண்டுத் தேய்மானத்துடன் விற்கும் விலையைக் கூட்டினால் வாங்கிய விலை வர வேண்டும்.

ஆண்டுக்கு 300 மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ.60 தேய்மானம். வாடகைக்கு விடும்போது டீசல், ஆள்கூலி, பழுதுச் செலவுடன் இதையும் சேர்த்தே பேசவும்.