வலி நின்ற பல்

பல்வலி வந்தவருக்கு உபதேசம் பிடிக்காது. ஆகையால் நேயர்களுக்கு வலி இல்லாத வேளையிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம்.

நமது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று இரவு நம்மைத் தூங்கவிடாமல் வதைத்தது. கிராம்புத் தைலம் தடவினோம். நான்காம் நாள் வலி மாயமாய் மறைந்தது. தைலத்தின் மகிமையை வீட்டாரிடம் விஸ்தாரமாகப் பிரசங்கம் செய்தோம். ஆறு மாதம் சென்று, ஈறில் மிளகளவு கொப்புளம் தோன்றியபோதுதான் உண்மை தெரிந்தது. நோய் போகவில்லை, பல்லுக்குள்ளிருந்த நரம்புதான் செத்துப் போயிருந்தது!

சொத்தை ஆழமாகும்போது கிருமிகள் பல்லின் நடுவேயுள்ள கூழை அடைகின்றன. நரம்பும் இரத்தக் குழாய்களும் இருப்பது அங்கேதான். அது அழிந்ததும், வேர்நுனித் துவாரத்தின் வழியாக நோய் சுற்றிலுமுள்ள எலும்பைத் தாக்குகிறது. இதுவே வேர்நுனி அழற்சி. பல்லில் அடிபட்டாலும் இது நேரலாம்.

இது இருவகைப்படும். தீவிரமான வகையில் பல் சற்று உயர்ந்துவிட்டாற்போலத் தோன்றும். கடித்தால் உயிர் போகும். சீழ் கட்டினால் கன்னம் வீங்கும்; ஜுரமும் காணலாம். நாட்பட்ட வகையோ பரம சாது. வலி அநேகமாக இராது. பல் நிறம் மங்கலாம். ஈறில் சீழ்க் கொப்புளம் வந்து வந்து போகலாம். உள்ளே மட்டும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். எக்ஸ்ரே படத்தில் அது வேர்நுனியில் கருநிழலாகத் தென்படும். சில சமயம் அங்கே நீர்க்கட்டியும் உண்டாகும்.

மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது. இரத்த ஓட்டமற்ற கூழுக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? பல் வைத்தியர் பல்லைத் துளைத்து, வேர்க்குழல்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டாபர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைப்பார். கடைவாய்ப் பல்லானால் பெரும்பாலும் மேலே உறையும் போடுவார். கரைந்த எலும்பு மாதக் கணக்கில் மெல்ல வளர்ந்துவிடும். ஆறாவிட்டால் வேர்நுனியை அறுத்தெடுப்பதுண்டு. பல்லைப் பிடுங்குவது கடைசி வழி.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வீக்கம் தாடைக்கடியில் பரவி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் அந்தக் க்ஷணமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 1836-ல் ஜெர்மானிய வைத்தியர் லூட்விக் விவரித்த இந்த வீக்கம் இன்றும் உயிரைக் குடிக்க வல்லது.

நமது பல் பிழைத்துக்கொண்டது. நமது தைலப் பிரசங்கத்துக்குத்தான் வீட்டில் மதிப்புப் போய்விட்டது. வலி என்பது காவற்காரனின் கூச்சல். கூச்சல் நின்றால், திருடன் ஓடினானா, காவற்காரன் மாண்டானா என்று பார்த்த பிறகே படுக்கப் போக வேண்டும்.