விற்கிற வீட்டுக்குக் கடன் வாங்கலாமா?

வீட்டை விற்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் தரகர் வருவார். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு யோசனை சொல்வார்.

"இப்படியே காட்டினால் விலை போகாது. பெயிண்ட் அடியுங்கள். தரைக்கு டைல்ஸ் போடுங்கள். சமையல் அறையைப் புதிதாக்குங்கள். ஐந்து லட்சம் கூடக் கிடைக்கும். பணத்துக்குக் கவலை வேண்டாம். நமக்குத் தெரிந்த மேஸ்திரி இருக்கிறார். வீடு விற்றதும் கொடுத்தால் போதும்!"

கேட்க இனிப்பாக இருக்கிறது. கையில் இருந்து காசு போகவில்லை. வீடு புதிதாகிறது. விலையும் ஏறப் போகிறது. இதில் என்ன தவறு?

தவறு இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாத்தியார் வீட்டுக் கணக்கு

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரை எடுத்துக் கொள்வோம். அவர் வீடு 30 ஆண்டுக்கு முன் கட்டியது. மகன் வேலை பார்க்கும் ஊருக்கே போய்விட அவர் நினைக்கிறார். வீட்டை உள்ளபடியே விற்றால் 40 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக் கொள்வோம்.

தரகர் பேச்சைக் கேட்டு, 3 லட்ச ரூபாய்க்கு வேலை செய்கிறார். பணம் பிறகு கொடுக்கலாம். ஆனால் சும்மா இல்லை. மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. அதாவது மாதம் 6,000 ரூபாய்.

அவர் மனைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, வீடு விற்காவிட்டால்?"

"விற்காமல் எங்கே போகும்? தரகர்தான் சொல்கிறாரே!" என்றார் வாத்தியார்.

வீடு பளபளத்தது. முதல் மாதம் பத்துப் பேர் வந்து பார்த்தார்கள். அடுத்த மாதம் மூன்று பேர். பிறகு ஒருவரும் வரவில்லை.

எட்டு மாதம் ஓடியது. வட்டி மட்டும் 48,000 ரூபாய் ஆகிவிட்டது.

அப்போது ஒருவர் வந்தார். "42 லட்சம் தருகிறேன். சரி என்றால் நாளைக்கே முடிக்கலாம்" என்றார். வாத்தியார் 45 லட்சம் கேட்டார். வந்தவர் அசையவில்லை. வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. மாதம் பிறந்தால் மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறாரே! 42 லட்சத்துக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

42 லட்சத்தில் வேலைக்கு 3 லட்சம் போயிற்று. வட்டிக்கு 48,000 போயிற்று. தரகு நூற்றுக்கு இரண்டு என்றால் 84,000 போயிற்று. மிச்சம் 37,68,000 ரூபாய்.

வேலையே செய்யாமல் 40 லட்சத்துக்கு விற்றிருந்தால்? தரகு 80,000 போக, 39,20,000 ரூபாய் கையில் நின்றிருக்கும்.

வாத்தியாருக்கு நஷ்டம் 1,52,000 ரூபாய். தரகருக்கோ 4,000 ரூபாய் கூடுதல் வரவு!

பொறுமைதான் பலம்

தரகர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல தரகர்கள் பலர் இருக்கிறார்கள். வாத்தியாருக்கும் 45 லட்சம் கிடைத்திருக்கலாம். அப்போது கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வீடு விற்பவருக்கு உள்ள பெரிய பலம் பொறுமை. "இந்த விலைக்கு முடியாது. அடுத்த ஆள் வரட்டும்" என்று சொல்லத் தெம்பு வேண்டும். கடன் அந்தத் தெம்பைப் பறித்துவிடுகிறது. வட்டி ஓடத் தொடங்கிய நாளில் இருந்து, விலை பேசுவது நீங்கள் அல்ல. உங்கள் கடன் பேசுகிறது.

இன்னொன்றும் உண்டு. கையில் இருந்து காசு கொடுத்தால், மூட்டை சிமெண்டுக்குக் கூடப் பேரம் பேசுவோம். "பிறகு தருகிறேன்" என்று சொல்லும்போது பேரம் பேச வாய் வராது. மேஸ்திரி சொன்னதே விலை. செய்ததே வேலை.

அமெரிக்காவிலும் இந்த வழக்கம் இருக்கிறது. அங்கே சில பெரிய தரகு நிறுவனங்கள் முதலில் செலவு செய்து வீட்டைச் சரிப்படுத்தித் தருகின்றன. வீடு விற்றதும் அந்தப் பணத்தைப் பிடித்துக் கொள்கின்றன. ஆனால் அங்கும் ஒப்பந்தத்தில் ஒரு கெடு எழுதி வைக்கிறார்கள். ஓர் ஆண்டுக்குள் விற்காவிட்டாலும் பணத்தைக் கட்ட வேண்டும் என்பது போன்ற கெடு அது. வாத்தியாரின் மனைவி கேட்ட கேள்விக்கு அங்கே பதில் காகிதத்தில் இருக்கிறது. நம் ஊரில் எல்லாம் வாய்ப் பேச்சு!

வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்?

பழைய வீட்டை வாங்குகிறவர்களில் பலர் மனைக்காகத்தான் வாங்குகிறார்கள். வாங்கியதும் இடித்துவிட்டு மாடி கட்டுகிறார்கள். இடிக்கப் போகிற சுவருக்குப் பெயிண்ட் எதற்கு?

குடியிருக்க வாங்குகிறவரும் சும்மா இருப்பாரா? நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச வேண்டும். அதற்கு முன் தமக்குப் பிடித்த நிறத்தில் அடித்துக் கொள்வார். நீங்கள் அடித்த பச்சை நிறம் அவர் மனைவிக்குப் பிடிக்காது!

ஆகையால் செலவு இல்லாத வேலையை முதலில் செய்யுங்கள். பரண் மேல் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துப் போடுங்கள். ஒட்டடை அடியுங்கள். சொட்டுகிற குழாயை மாற்றுங்கள். தொங்குகிற மின்சாரக் கம்பியைச் சரி செய்யுங்கள். வாசலைப் பெருக்கிக் கோலம் போடுங்கள். சில ஆயிரம் ரூபாயில், சேமிப்பில் இருந்தே இதை முடித்துவிடலாம்.

ஒழுகலை மறைக்காதீர்கள்

மொட்டை மாடி ஒழுகுகிறதா? முடிந்தால் அடையுங்கள். முடியாவிட்டால் உள்ளதைச் சொல்லி விலையில் குறைத்துக் கொள்ளுங்கள். ஓதம் ஏறிய சுவர் மேல் பெயிண்ட் பூசி மறைப்பது மட்டும் கூடாது.

இது தர்மம் மட்டும் அல்ல, சட்டமும் கூட. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் என்ன சொல்கிறது? சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி ஆகும். நாளைக்கு மழை பெய்யும். சாயம் வெளுக்கும். அப்போது வழக்கு வரும்.

முதலில் பத்திரம், பிறகு பெயிண்ட்

விற்பனை தாமதம் ஆவது பெரும்பாலும் சுவரால் அல்ல, காகிதத்தால்.

பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும். அப்பா உயில் எழுதாமல் இறந்திருப்பார். அவர் சம்பாதித்த வீட்டில் பெண் மக்களுக்கும் சம பங்கு உண்டு. இந்துக் குடும்பங்களுக்கு இது 1956-ம் ஆண்டு முதல் சட்டம். அக்காவும் தங்கையும் கையெழுத்துப் போடாமல் வீட்டை முழுதாக விற்க முடியாது. பெயிண்ட் மூன்று நாளில் காய்ந்துவிடும். கோபித்துக் கொண்டிருக்கும் தங்கையின் கையெழுத்துக்கு மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதமும் வட்டி ஓடும்.

ஆகவே மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பழைய அடமானம் அடைந்தும் ரத்து ஆகாமல் கிடந்தால், அதை முடியுங்கள். காகிதம் சுத்தமாக இருந்தால், சுவர் அழுக்காக இருந்தாலும் ஆள் வருவார்.

அச்சாரத்தில் கை வைக்காதீர்கள்

"அச்சாரம் வாங்கி மேஸ்திரிக்குக் கொடுத்துவிடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். கிரயம் முறிந்தால் அச்சாரத்தைத் திருப்பித் தர வேண்டி வரலாமே! செலவான பணத்துக்கு எங்கே போவது?

அச்சாரத்தை ரொக்கமாக வாங்குவதும் ஆபத்து. 2015 ஜூன் முதல், வீடு மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். வங்கி மூலமே வாங்குங்கள்.

வேறு வழியே இல்லையா?

சில வீடுகளில் வேலை செய்தே ஆக வேண்டும். கையிலும் பணம் இருக்காது. அப்போது இந்த ஐந்தையும் மனத்தில் வையுங்கள்.

ஒன்று: வீட்டை விற்றுத் தரப் போகிற தரகரிடமோ, அவருடைய ஆளிடமோ கடன் வேண்டாம். விற்க அவசரப்படுத்துகிறவரும் கடன்காரரும் ஒருவராக இருக்கக் கூடாது.

இரண்டு: என்ன வேலை, எவ்வளவு தொகை, என்ன வட்டி என்று எழுதிக் கொள்ளுங்கள். வீடு விற்காவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள்.

மூன்று: "விற்கும் வரை மூலப் பத்திரம் என்னிடம் இருக்கட்டும்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சென்னை போன்ற நகரங்களில், கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைப்பதே அடமானம் ஆகிவிடும்.

நான்கு: பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டை விற்கும் அதிகாரம் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

ஐந்து: எல்லாச் செலவுக்கும் ரசீது வாங்குங்கள். புது அறை, புது மாடி போன்ற செலவை, விற்ற லாபத்துக்கு வரி போடும்போது கழித்துக் கொள்ள இடம் உண்டு. ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவை எப்படிக் காட்டுவது? பெயிண்ட் அடித்த செலவு பொதுவாக அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று. வீட்டை விற்பது குடும்பம் முழுவதையும் பொறுத்த விஷயம். ஆண்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வாத்தியாரின் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "ஏங்க, வீடு விற்காவிட்டால்?" அதற்குச் சரியான பதில் கிடைக்கும் வரை, பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.