கதை முடிந்த பின் எழும் பசி

சென்ற தவணை விடுமுறைக்கு முந்திய நாள், நன்னூற் பாடம் முடிந்து மாணாக்கர் கலைந்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மாத்திரம் என் மேசையருகே தயங்கி நின்றான். “ஐயா, நான் படித்துக்கொண்டிருந்த கதை முடிந்துவிட்டது. இனி எதைப் படிப்பதென்று தெரியவில்லை. எதை எடுத்தாலும் மனம் ஒட்டுதில்லை” என்றான். எந்தக் கதை என்று வினவினேன். சற்று நாணத்தோடு தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினான். தலைப்பில் ‘சோலோ லெவலிங்’ என்றிருந்தது. அதன்கீழ்ப் பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றும் தொடங்கிக் கைவிடப்பட்டதற்கு அடையாளமாகக் குறுக்கே கோடிடப்பட்டிருந்தன. யாவும் கொரிய நாட்டுச் சித்திரக்கதைகள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னராயின், “போய் இலக்கணம் படி” என்று அவனை அனுப்பியிருப்பேன். அவ்வாறு ஒருவனை அனுப்பியும் இருக்கிறேன். அவன் சித்திரக்கதையை விட்டான். அதனோடு வாசிப்பையும் விட்டான். அப்பிழை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. ஆதலின் இம்முறை, “நானும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். விடுமுறை முழுவதும் என் மகளின் துணையோடு படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் இருப்பர். புதியனவாகப் புனையப்படும் ஆக்கங்களுக்கு ‘விருந்து’ என்று பெயரிட்டு, எண்வகை வனப்பினுள் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். விருந்தை வாயிலில் நிறுத்தி வைப்பது நம் மரபன்று. உள்ளே அழைத்து, அமர்த்தி, பின்னரே அதன் குணங்குற்றங்களை ஆராய்தல் வேண்டும்.

கொரியர் சித்திரக்கதையை ‘மன்ஹ்வா’ என்பர். யப்பானியரின் ‘மங்கா’, சீனரின் ‘மன்ஹுவா’ ஆகியவையும் அதே இரு சீன எழுத்துக்களின் வேறு ஒலிப்புக்களே. தாளிலே அச்சாகி வாடகைப் புத்தகக் கடைகளில் உலாவிய இக்கலை, 2003ஆம் ஆண்டில் டாவும், 2004இல் நேவர் ஆகிய இணையத் தளங்களில் குடிபுகுந்தது. காங் பூல் என்னும் ஆசிரியர் 2003இல் வெளியிட்ட காதற்கதை, பக்கம் புரட்டும் முறையை விடுத்து, மேலிருந்து கீழாக வழிந்தோடும் நெடுங்கதை வடிவத்தைப் பரவச் செய்தது. நம் ஏட்டுச்சுவடி கிடையாக விரிவது. இது நெடிதாக வழிவது. பாத்திரம் பாதாளத்தில் வீழ்ந்தால் வாசகனின் விரலும் அவனோடு கீழே இறங்குகின்றது. கைத்தொலைபேசிக்கென்றே அமைந்தாற்போன்ற இவ்வடிவமே கொரியச் சித்திரக்கதை உலகெங்கும் பரவுதற்கு முதற் காரணம்.

‘சோலோ லெவலிங்’ 2016இல் சுகோங் என்னும் புனைபெயருடையார் எழுதிய இணைய நாவலாகத் தொடங்கிற்று. 2018 மார்ச்சில் சித்திரக்கதையாயிற்று. ‘நான் ஒருவன் மாத்திரமே தரம் உயர்கிறேன்’ என்பது கொரியத் தலைப்பின் பொருள். வேற்றுலக வாயில்கள் திறந்து கொடுவிலங்குகள் புகுங் காலம்; அவற்றை வேட்டையாடுவோருள் மிகக் கீழான தரத்தினன் சுங் ஜின்வூ. நோயுற்று உறங்கிக் கிடக்குந் தாய்க்காகவும், படிக்குந் தங்கைக்காகவும் உயிரைப் பணயம் வைத்துக் கூலிக்குப் போகிறான். ஒருநாள் மரணத்தின் விளிம்பில் அவனுக்கு மாத்திரம் ஓர் ஆற்றல் கிட்டுகிறது; படிப்படியாக உயர்ந்து, கொன்ற பகைவரையே தன் நிழற்படையாக எழுப்பும் வேந்தனாகிறான்.

முற்பகுதியின் சுவை அச்சமும் அவலமும் கலந்தது. அதை எந்த இலக்கிய வாணரும் குறைகூற இயலாது. நடுப்பகுதியிலிருந்து குறை தோன்றுகின்றது. தலைவன் வளர வளர ஏனைய பாத்திரங்கள் வாய்பிளந்து நிற்கும் பார்வையாளராகத் தேய்ந்துவிடுகின்றன. தோற்கமாட்டான் என்று முன்னரே தெரிந்த வீரனுக்காக நெஞ்சு துடிப்பதில்லை. எனினும் முடிவு என்னைத் தடுத்து நிறுத்தியது. உலகைக் காத்தற்பொருட்டுக் காலத்தையே பின்னோக்கித் திருப்பி, எவரும் அறியாத வெளியில் தன்னந்தனியாக நெடும்போர் புரிந்து மீள்கிறான். அவன் செய்த நன்றியை அறிந்தார் உலகில் அரியர். புகழை வேண்டாத வீரம் என்பது புறத்திணை பயின்றவனுக்கு வியப்பூட்டும் பொருளன்றோ?

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். கோடிடப்பட்ட அந்தப் பன்னிரண்டில் சிலவற்றைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் வாயில்கள், தர வரிசைகள், கோபுரங்கள், மறுபிறவிகள். தளங்கள் ‘இதைப் படித்தோர் அதையும் படித்தனர்’ என்று புறக்குறிகளைக் கொண்டே பரிந்துரைக்கின்றன. உடை ஒத்திருப்பதால் இருவரை உடன்பிறந்தார் என்று கொள்ளுதல் போன்றது இது. வாசகன் தேடுவதோ உடையை அன்று. ஆகவே அடுத்து எதைப் படிப்பது என்று கேட்குமுன், முடிந்த கதையில் நான் விரும்பியது எது என்று கேட்டல் வேண்டும்.

ஒன்றும் அறியாதவன் அறியாத உலகினுள் ஏறிச் செல்லும் வியப்பையே விரும்பினானாயின், சியூ என்பார் 2010 முதல் வரைந்துவரும் ‘டவர் ஒவ் கோட்’ அவனுக்கு உகந்தது. இருளிலே வாழ்ந்த சிறுவன், தன் ஒரே துணையானவளைத் தேடிக் கோபுரம் ஏறுகிறான். ஆற்றலினும் நட்பும் வஞ்சனையுமே அங்கு பெரியன.

பயிற்சியின் உழைப்பை விரும்பினானாயின், பிகா என்பாரின் நாவலிலிருந்து சித்திரமான ‘ஹ்வாசான் மலைக்கு மீளல்’ என்னும் பொருளுடைய கதையைச் சொல்வேன். ஆங்கிலத்தில் அதனை ‘ரிட்டர்ன் ஒவ் த புளொசமிங் பிளேட்’ என்பர். பெரும்பகைவனைக் கொன்று தானும் மாண்ட வாள்வீரன், நூறாண்டு கழித்துச் சிறுவனாகப் பிறந்து வந்து பார்க்கிறான். அவனுடைய குருகுலம் கடன்பட்டுப் பாழடைந்து கிடக்கின்றது. மறந்துபோன வித்தையை இளையோர்க்குத் திரும்பக் கற்பித்து அதனை நிமிர்த்துகிறான். நகைச்சுவை மிகுந்த கதைதான். ஆயினும் பழைய கல்வி ஒன்றைக் காத்து நிற்கும் ஆசிரியனாகிய நான் சில இடங்களிற் சிரிக்கவில்லை.

கதை என்பதன் தன்மையையே நினைக்க விரும்புவோனுக்கு ‘ஒம்னிசியன்ட் ரீடர்’ உண்டு. சிங்சோங் என்னும் பெயரில் இருவர் இணைந்து எழுதிய நாவல், 2020இல் சித்திரமாயிற்று. அதன் தலைவன் பெயர் கிம் தொக்ஜா. தொக்ஜா என்னும் ஒலிக்குக் கொரிய மொழியில் ‘வாசகன்’ என்பதும் ஒரு பொருள். 3149 அத்தியாயங்கள் கொண்ட ஒரு நாவலை இறுதிவரை படித்தவன் அவன் ஒருவனே. அது முடிவெய்தும் நாளில், வேலையால் வீடு திரும்பும் புகைவண்டியில் வைத்து, அக்கதையே மெய்யுலகாக மாறுகின்றது. விருப்பமான கதை முடிந்தபின் வாசகன் என்னாகிறான் என்ற என் மாணவனின் வினாவையே கருவாகக் கொண்ட ஆக்கம் இது.

இங்கே இன்னொரு செய்தியையும் மறைத்தலாகாது. இப்பசி இன்று பெரும் வாணிகம். 2014இல் காக்காவோ என்னும் கம்பனி, காத்திருப்போர்க்கு இலவசம், பொறுக்கமாட்டாதார்க்கு விலை என்ற முறையை ஏற்படுத்திற்று. விற்கப்படுவது கதை மாத்திரமன்று, வாசகனின் பொறுமையின்மையுமாம். நேவரின் வெப்டூன் நிறுவனம் 2024 ஜூனில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிற் புகுந்தது. வாரந்தோறும் பல பத்து வண்ணச் சித்திரங்கள் கொண்ட அத்தியாயத்தை இச்சந்தை எதிர்பார்க்கின்றது. ‘டவர் ஒவ் கோட்’ ஆசிரியர் உடல்நலங் குன்றி, 2020இல் நெடுநாள் ஓய்வு கொள்ள நேர்ந்தது. ‘சோலோ லெவலிங்’ ஓவியர் சாங் சுங்ராக், துபு என்னும் புனைபெயருடையார், 2021 டிசம்பரில் மூலக்கதையை முடித்தார். 2022 ஜூலையில், தம் 37ஆம் வயதில், மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் காலமானார். 2024இல் அக்கதை அசையுஞ் சித்திரமாகி, தமிழ்க் குரலிலும் ஒலித்தபோது அவர் இல்லை.

திருட்டுத் தளங்களில் ஒரே இரவில் ஐம்பது அத்தியாயங்களை விழுங்குவோர் இதனை ஒருகணம் நினைத்தல் நன்று. அங்கு வாசகன் பணங் கொடுக்கவில்லை. எழுதினவனுக்கும் வரைந்தவனுக்கும் ஒன்றுஞ் சேர்வதில்லை. ஏழைப் பிள்ளைகளிடம் பணத்தைப் பற்றிப் பேச எனக்குந் தயக்கமே. ஆயினும் காத்திருந்து முறையாகப் படித்தற்கு வழியுண்டு. காத்திருத்தல் வாசிப்பின் பகையுமன்று. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாரந்தோறும் வந்தபொழுது, அடுத்த இதழுக்குக் காத்திருந்த நாட்களைப் பற்றி என் தந்தையார் கதையினும் சுவையாகச் சொல்வார்.

விடுமுறை கழிந்து மாணவன் வந்தான். “அந்தக் கதையில் உனக்கு மிகப் பிடித்தது எந்த இடம்?” என்று கேட்டேன். போர்க்காட்சி எதையேனும் சொல்வான் என்றிருந்தேன். சிறிது நேரம் பேசாதிருந்து, “தாய் கண்விழிக்கிற இடம், ஐயா” என்றான். வாயில்களும் தரவரிசைகளும் நிறைந்த அந்தப் பன்னிரண்டு கதைகளும் அவனுக்கு ஏன் ஒட்டவில்லை என்பது அப்பொழுதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கிற்று.

முன்னர்க் குறித்த காங் பூல் 2015இல் ‘மூவிங்’ என்றொரு கதை செய்தார். அபூர்வ ஆற்றல் வாய்ந்த பெற்றோர், தம்மைக் கருவியாக்கிய அரச உளவுத்துறையின் கண்ணிற் படாமல் தம் பிள்ளைகளை மறைத்து வளர்க்கும் கதை அது. 2023இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கொப்பியில் அதன் பெயரைப் பதின்மூன்றாவதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமை ஆகிவிட்டது. இன்னும் அதன்மேற் கோடு விழவில்லை. நானோ ‘ஒம்னிசியன்ட் ரீடர்’ கதையின் நடுவழியில் நிற்கிறேன். முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று அவனிடம் கேட்டிருக்கிறேன்.