மன்றம் இல்லாத மாநகரம்

சென்னையில் வாழ்கிற படித்த மனிதர் ஒருவரை நிறுத்தி, "அமெரிக்க ஜனாதிபதி யார்?" என்று கேளுங்கள். சட்டென்று சொல்லுவார், அவர் நேற்று யாரோடு சண்டை பிடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுவார். "சரி ஐயா, உங்கள் வார்டு எண் என்ன?" என்று கேளுங்கள். மனிதர் ஆகாயத்தைப் பார்ப்பார். கவுன்சிலர் பெயரையும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். பாவம், ஆபீசுக்கு நேரமாகிறது, போகட்டும்.

இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போக என்னால் ஆகவில்லை. ஏனென்றால், இந்த அறியாமையை நம்பித்தான் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இந்த நகரத்தை நடத்தினார்கள். 1688-இல் பிறந்த கார்ப்பரேஷன், இந்த நாட்டிலேயே மூத்த கார்ப்பரேஷன் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அதே கார்ப்பரேஷன்தான்! ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் வெறிச்சென்று கிடந்தது. அதற்காக நகரம் ஒரு நாள் தூக்கம் கெட்டதாக எனக்கு நினைவில்லை.

நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தேர்தல் நடக்க இருந்தது. பழங்குடியினருக்கு உரிய இட ஒதுக்கீடு முறைப்படி இல்லையென்று உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. நியாயம்தான், குறையிருந்தால் திருத்த வேண்டியதுதான். ஆனால் திருத்துவதற்கு எத்தனை காலம் வேண்டும்? அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அது முடியுமுன் தேர்தல், இடையில் கலைத்தால் 6 மாதத்துக்குள் தேர்தல் என்று அது தெளிவாகச் சொல்லுகிறது. வார்டு எல்லை வரைகிறோம் என்றார்கள், இன்னும் வரைகிறோம் என்றார்கள், அப்புறம் கொரோனா வந்தது. இடையில் தனி அதிகாரியின் பதவிக் காலம் மட்டும் தவறாமல் நீண்டுகொண்டே போயிற்று.

அந்த ஐந்து ஆண்டுகளும் சும்மா போன ஆண்டுகள் அல்ல. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020-இல் நோய் கண்ட வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வாசலில் தகரம் அடிப்பது சரியா என்று விவாதிக்க இந்த நகரத்தில் ஒரு சபை இருந்ததா? "என் தெருவில் இப்படிச் செய்யாதே" என்று எழுந்து நின்று சத்தம் போட ஓர் ஆள் இருந்தாரா? ஓர் அதிகாரி உத்தரவிட்டார், இன்னோர் அதிகாரி வேறு விதமாக உத்தரவிட்டார், அவ்வளவே.

இதற்குப் பழைய பழக்கமும் உண்டு. 1973-இல் மஸ்டர் ரோல் ஊழல் என்று ஒன்று வெடித்தது. வேலைக்கு வராத ஆட்களின் பேரில் கூலி எழுதிய விவகாரம். மன்றத்தைக் கலைத்தார்கள். திருடியவர்களைத் தண்டிப்பது சரி. ஆனால் மறு தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-இல்! 23 ஆண்டுகள்! 1973-இல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமும் செய்துகொண்டிருக்கலாம். அதன் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் வரவில்லை. இரண்டு இடைவெளியையும் கூட்டினால், 1973-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட காலத்தில் 28 ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு மன்றமே இல்லை. இதில் எந்தக் கட்சிக்கும் மற்றக் கட்சியைப் பார்த்து விரல் நீட்ட யோக்கியதை கிடையாது.

"மன்றம் இல்லாமலிருந்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்கிறார் ஒரு நண்பர். வீடு கட்ட மணல் இறக்கினால் கவுன்சிலரின் ஆள் வந்து நிற்பானாம். போர் போட்டால் வந்து நிற்பானாம். அதிகாரி ஆண்டபோது அந்தத் தொல்லை இல்லையாம். நண்பரின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கணக்கில் பாதியை விட்டுவிடுகிறார். வாசலில் வந்து நிற்கிறவனை அவருக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவனுக்கு எதிராக வோட்டுப் போடலாம். மாற்றலாகிப் போன அதிகாரியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பார்? நல்ல கமிஷனர்கள் வந்திருக்கிறார்கள், உண்மை. வந்தார்கள், போனார்கள்.

அந்தக் கூடத்தில் என்னதான் கிழித்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சொல்லுகிறேன். 1920-இல் தியாகராய செட்டியார் கார்ப்பரேஷன் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போடலாம், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பின்னால் ராஜ்யம் முழுவதும் இலை விரித்த மதிய உணவுக்கு முன்னோடி அந்தத் தீர்மானம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடித்தளம் இட்டது சத்தியமூர்த்தி மேயராக இருந்த நாளில். இன்றும் சென்னை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

இன்னொன்று, பட்டணத்துக்கு வெளியே நடந்தது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடை வேண்டுமென்று தீர்மானித்தார்கள். பணமில்லை. நகராட்சி ஜனங்களிடமே போய், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது. குழாய் புதைக்குமுன், பள்ளம் தோண்டுமுன், வெறும் வாக்கை நம்பி ஜனங்கள் கொடுத்தார்கள். சாக்கடையும் வந்தது! சர்க்கார் கேட்கிற வரியையே சபித்துக்கொண்டு கட்டுகிற நம்மவர்கள், கேட்டவுடன் ஐயாயிரத்தை எடுத்துக் கொடுக்கக் காரணம் என்ன? கேட்டவர் தெரிந்தவர்; நாளைக்கு வேலை நடக்காவிட்டால் போய்ச் சட்டையைப் பிடிக்கக்கூடிய தூரத்தில் உட்கார்ந்திருந்தவர். 2011-இல் ஆலந்தூரையும், அம்பத்தூர், மாதவரம், பெருங்குடி என்று மொத்தம் 42 உள்ளாட்சிகளையும் சென்னையோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆயிற்று. சேர்ந்த ஐந்தாம் வருஷமே மன்றமும் போயிற்று. சொந்தப் பஞ்சாயத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு மண்டல எண்ணும் புகார் சொல்ல ஒரு டெலிபோன் எண்ணும்.

இனி என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் வருகிறேன். 2022-இல் தேர்தல் நடந்தது. சென்னையில் வோட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம்; மாநிலத்திலேயே குறைவு. 28 வயதுப் பெண், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண் மேயர், பதவியேற்றார். பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. கொண்டாட வேண்டிய விஷயந்தான். அதற்கப்புறம்? மன்றம் கூடினால் என்ன தீர்மானம் நிறைவேறிற்று, எந்த வடிகாலுக்கு எத்தனை கோடி, யார் எதிர்த்துப் பேசினார் என்று எந்தப் பத்திரிகை விடாமல் எழுதியது? இரண்டு கவுன்சிலர்கள் கூச்சலிட்டால் செய்தி. மேயர் ரிப்பன் வெட்டினால் செய்தி. மழைநீர் வடிகால் கார்ப்பரேஷனுடையது, கழிவுநீர்க் குழாய் 1978-இல் பிரிந்துபோன குடிநீர் வாரியத்தினுடையது, ஒன்றில் ஓட வேண்டியது மற்றொன்றில் ஓடுகிறது, இருவரும் ஒருவரையொருவர் காட்டுகிறார்கள். தெருத்தெருவாக நாறுகிற இந்த விஷயம் செய்தியாக வேண்டுமானால் யாராவது அதில் விழுந்து சாக வேண்டும்!

மயிலாப்பூர், அடையாறு, மாம்பலம் பேட்டைகளுக்கென்று வாரப் பத்திரிகைகள் தோன்றி, நடைபாதை, நூல்நிலையம், கோயில் தேர், குப்பைத்தொட்டி என்று பொறுப்பாக எழுதின. நல்ல காரியம். ஆனால் இங்கிலீஷில்! வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் தமிழில் அப்படியொன்று வந்து நான் பார்த்ததில்லை. விளம்பரம் கொடுக்க அங்கே நகைக்கடை இல்லை போலும். நாவலாசிரியர்களான நாங்கள் மட்டும் என்ன? ராஜகுமாரிகளுக்குப் பஞ்சமில்லாத நம் கதைகளில் ஒரு சானிடரி இன்ஸ்பெக்டரைத் தேடிப் பாருங்கள்.

ஏரியா சபை என்று ஒன்று இப்போது சட்டத்தில் இருக்கிறது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி நகரங்களில் கூடியது. கிராம சபையின் தம்பி. ஏரியாவின் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; நியமனம். அந்தக் குறை பெரிய குறை. எனினும் போய் உட்காரலாம், கேட்கலாம், சண்டை பிடிக்கலாம். கூட்டம் எங்கே, எந்தத் தேதியில் என்பதுதான் கூட்டம் முடிந்த பிறகு தெரிய வருகிறது. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ராசிபலன் பக்கத்தில் பாதியை ஒதுக்கித் தருவாரானால், எந்த வார்டில் எந்தச் சபை எப்போது கூடுகிறதென்ற பட்டியலை விசாரித்து மாதாமாதம் நானே எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம்.