பூட்டி வைத்த கருவி எவருக்கு உரியது?

"கைப்பேசியில் இல்லாத ஒலியா? நாற்பதாண்டுப் பழமையான ஒரு பெட்டியைத் துடைப்பதும் பிரிப்பதும் பற்றுவைப்பதுமாக நாள் கழிப்பது அறிவுடையோர் செயலா?" என்று நம்மை வினவுவோர் பலர். அவர்கள் பகைவர் அல்லர். பங்குப் பேரவையில் நம்முடன் அமர்வோர், பாடகர் குழுவில் பாடுவோர், உடன் குருக்களிலும் சிலர். அவர்களுக்கு மறுமொழி கூறவே இதனை எழுதுகிறோம். கூறுங்கால், பழங்கருவிகளைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர்க்கும் சில கடுஞ்சொற்கள் சொல்ல நேரும். அவர்கள் பொறுத்தருள்வாராக.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்துவோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வரிசையாய் அமைந்த எதனையும் 'கீபோர்டு' என்றழைப்பதே நம் பக்கத்து வழக்கம். திருவிழா மேடைகளில் இன்று நாம் காணும் கீபோர்டு பெரும்பாலும் முன்னரே பதிந்து வைத்த ஒலிகளையும் தாளங்களையும் எடுத்துக் கொடுப்பது. சிந்தசைசர் வேறு. அது மின்னதிர்விலிருந்து ஒலியைப் புதிதாய்ப் பிறப்பிக்கிறது. பிறந்த ஒலியை வடிகட்டுகிறது. ஏற்றி இறக்கி உருவம் கொடுக்கிறது. முகப்பிலுள்ள குமிழ்களை நகர்த்துகிறவர் தமக்கு வேண்டிய ஒலியைத் தாமே வனைந்துகொள்கிறார்.

நம் பங்கில் இருப்பது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106. கப்பல் வேலைக்குச் சென்ற ஒருவர் வெளிநாட்டில் வாங்கி, தூத்துக்குடி வழியே இக்கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்து, பின்னர்க் கோவிலுக்குக் கொடுத்தது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 6 சுரங்கள், 128 ஒலியமைப்புகளை நினைவில் வைக்கும். அந்நினைவைக் காப்பது ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறு பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் மறந்துபோகும். ஆகவே ஒலியமைப்புகளைச் சாதாரண ஒலிநாடாவில் பதிந்து வைத்துக்கொள்ளும் வழியையும் செய்தவர்கள் அமைத்திருக்கிறார்கள்.

இக்கருவியின் நோய் உலகறிந்தது. ஆறு குரல்களுக்கும் குரலுக்கொன்றாக ஆறு சில்லுகள் உள்ளே இருக்கின்றன. 80017ஏ என்பது அவற்றின் எண். அவற்றைக் காக்கவென்று பூசிய பிசினே ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றை நலிவிக்கிறது. ஒரு குரல் கரகரக்கும், பின்னர் ஊமையாகும். குரல்கள் முறைவைத்து ஒலிப்பதால், நான்காவது குரல் ஊமையானால் அழுத்திய கட்டை ஒருமுறை பாடும், மறுமுறை பாடாது. அறியாதோர் வாசிப்பவரைக் குறைகூறுவர். நம் ஆலயத்திலும் ஓர் எளிய இளைஞர் ஓராண்டுக் காலம் அவ்வாறு ஏச்சு வாங்கினார். பழி அவருடையதன்று, சில்லினுடையது.

மருந்தும் உண்டு. சில்லைக் கழற்றி, நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் பயன்படுத்தும் அசிட்டோனில் ஓரிரு நாள் ஊறவைத்தால் பிசின் இளகும். பதமாக உரித்தெடுத்து, உலர்த்தி, மீண்டும் பற்றுவைத்தால் பெரும்பாலும் குரல் திரும்பும். திரும்பாவிட்டால், சிறு கைத்தொழிலாளர் இன்று செய்து விற்கும் மாற்றுச் சில்லைப் பொருத்தலாம். இம்மருத்துவம் பரவியது எவ்வாறு? உலகெங்கும் இக்கருவியை வைத்திருப்போர் தாம் கண்டதை எழுதி, படம் வரைந்து, கூலி கேளாமல் ஒருவருக்கொருவர் கொடுத்தனர். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் அன்பர் ஒருவர் அதனை நமக்குச் சொன்னார். கோவில்பட்டியில் பழைய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சீர்செய்து பழகிய ஒருவரின் கை அதனைச் செய்து முடித்தது. அவருக்குச் சரிகமபதநி தெரியாது. கண்டென்சர் காய்ந்திருப்பதை மட்டும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்.

இனி வினாவுக்கு வருவோம். அதே ஒலி கைப்பேசியில் கிடைக்கிறது என்பது உண்மை. கண்ணை மூடிக் கேட்டால் வேறுபாடு காண்போர் சிலரே. நாம் அச்சிலருள் ஒருவர் என்று பெருமை பேச வரவில்லை. வழக்கு ஒலியைப் பற்றியதே அன்று. கைப்பேசியிலுள்ள செயலி பழுதுபட்டால் கோவில்பட்டியில் யார் அதனைத் திறப்பர்? இயங்குதளம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டால், நேற்றுவரை பாடிய செயலி இன்று திறவாது; காரணம் கேட்க ஆளும் இராது. ஜூனோவோ திருப்புளிக்குத் திறக்கிறது. அதன் மின்சுற்றுப் படங்கள் அச்சிட்ட ஏடாகவே உள்ளன. 1983-இல், ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள் கூடி 'மிடி' என்னும் பொது இணைப்பு முறையை வகுத்தன. ரோலண்டின் இக்குத்தாரோ காக்கெஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் அதற்காகப் பாடுபட்டனர். அந்த ஐந்துமுனைத் துளையின் வழியே இப்பழைய பெட்டி இன்றைய கணினியோடும் பேசுகிறது. ஒரு பொருளைத் திறந்து பார்க்கவும் பிறபொருளோடு பேசவைக்கவும் உரிமை இல்லாதவர் அதனை 'உடைமை' என்று எப்படி அழைப்பார் என்பது நமக்கு விளங்கவில்லை.

"இஃது அந்நியக் கருவி; நம் மண்ணுக்கும் நம் இசைக்கும் ஒவ்வாதது" என்பார் மற்றொரு சாரார். கோவில்பட்டியில் வாழ்ந்துகொண்டு இதனைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். அண்மையிலுள்ள எட்டயபுரம் அரசவையில் இசைவாணராக விளங்கியவர் பாலுசுவாமி தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதனை நம் இசைக்கு இசைவித்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தையும் இவ்வாறே பழித்தனர். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒதுக்கியே வைத்திருந்தது. நிலையான சுரங்களில் கமகம் எழாது என்ற குறை ஆர்மோனியத்துக்குப் பொருந்தலாம். சுரத்தை வளைக்கும் நெம்புகோல் இடப்பக்கத்தில் அமைந்த சிந்தசைசருக்கு அக்குறை முழுவதும் பொருந்தாது. மும்பையின் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களைப் பதிவுசெய்து காட்டினார். அன்று அந்த இசைத்தட்டை வாங்குவாரிலர். 2010-இல் மறுபடி வெளியானபோது வெளிநாட்டார் வியந்து கேட்டனர்.

வினவுவோர்க்குச் சொன்னது போதும். பழங்கருவி அன்பர்களாகிய நம் கூட்டத்தாரை நோக்கித் திரும்புவோம். உண்மையான நோய் இங்கேதான் இருக்கிறது.

இரு வரலாறுகளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1969-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசர் நிறுவப்பெற்றது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதனை நிறுவித் தந்தார். கீதா சாராபாய் முதலான நம் நாட்டார் சிலர் அதில் மூன்றாண்டுகள்போல் இசை ஆக்கினர். பின்னர் அக்கூடம் அடங்கிப்போயிற்று. அங்கே பதிந்த ஒலிநாடாக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அலமாரியில் உறங்கின. 2023-இல்தான் அவை இசைத்தட்டாக வெளியாயின. தமிழ்நாட்டில் அன்று சிந்தசைசர் கற்க விரும்பிய ஏழைப் பிள்ளைக்கு அந்த விலையுயர்ந்த கருவியால் விளைந்த பயன் என்ன?

மற்றொன்று சென்னையில் நிகழ்ந்தது. மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்த ஆர்.கே. சேகர் புதிய மின்னிசைக் கருவிகளைத் தேடித்தேடி வாங்கியவர். 1976-இல் அவர் மறைந்தார். கைம்பெண்ணான அவர்தம் மனைவி அக்கருவிகளை விற்றுவிடவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. வாடகைக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார். கருவிகள் கூடம் கூடமாகச் சென்றன, பலர் கைபட்டன, பழுதுபட்டன, சீராகித் திரும்பின. அவற்றிடையே வளர்ந்த மகன் 1992-இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்த ஏ.ஆர். ரகுமான். நிறுவனத்தின் பாதுகாப்பில் இருந்தது அடங்கிற்று. ஏழைத்தாய் இரவல் கொடுத்தது பலன் தந்தது. தாலந்தை மண்ணில் புதைத்தவனின் கதையை ஆண்டுதோறும் பீடத்தில் வாசிக்கிறோம். அவன் அதனைத் திருடவில்லை, குறைக்கவில்லை, துடைத்துத் தூய்மையாகவே திருப்பிக் கொடுத்தான் என்பதைக் கவனிப்போர் சிலர்.

நம் கூட்டத்தாருள் இன்று அவனைப் போன்றோர் பெருகிவிட்டனர். கருவியை வாங்கி, நெகிழித்தாள் சுற்றி, அடுக்கி, படமெடுத்துக் காட்டுவர். "தங்களிடம் எத்தனை உண்டு?" என்று கேட்பர், "என்ன வாசித்தீர்?" என்று கேளார். மின்சுற்றுப் படம் கையிலிருந்தும் இல்லை என்பர், விலை ஏறட்டும் என்று. சிற்றூர்ப் பங்குகளில், பருத்தியும் மிளகாயும் விற்ற காசிலிருந்து மக்கள் கொடுத்த காணிக்கையில் வாங்கிய பழைய கருவிகள் சாக்குத்துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றைக் காயலான் கடை விலைக்கு எடுத்து நகரத்தில் பன்மடங்குக்கு விற்போரும் உளர். அவர்களைவிடப் பெரிய குற்றம் எடைக்குப் போட்ட பங்குப் பேரவையினுடையது. விலையைப் பேசியவர்களுள் ஒருவரேனும், "இதனைச் சீர்செய்ய இயலுமா?" என்று கேட்டாரா? புதியது வாங்கியதை நாம் குறைகூறவில்லை. பொத்தானை அழுத்தினால் தாளமும் துணையிசையும் தாமே ஓடும் அப்புதிய கருவியின் பின்னே பாடகர் குழு மூச்சிரைக்க ஓடுவதைத்தான் ஞாயிறுதோறும் கேட்கிறோமே!

மறைத்து வைக்கும் பழக்கத்துக்கு எதிர்ச்சான்றும் எட்டயபுரத்திலேயே உண்டு. தீட்சிதர் குடும்பத்தார் வழிவழியாகக் காத்த கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு உலகுக்குத் தந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அவ்வூரில் அச்சேறியது. எழுதியவர் சுப்பராம தீட்சிதர். அவரை எழுதுமாறு வற்புறுத்தி, எட்டயபுர அரசரிடமும் வேண்டியவர் சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர். நூலைக் காணாமலே அவர் கண்மூடினார். குடும்பச் செல்வத்தையே அவர்கள் ஊருக்குத் திறந்து கொடுத்தார்கள். ஜப்பானியர் வரைந்த ஒரு மின்சுற்றுப் படத்தை நாம் ஒளித்து வைப்பதா?

பேணுதல் என்பது என்னவென்று நாதசுரக்காரர்களிடம் கேட்டறியலாம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் ஒலித்த ஊர் இது. அக்கலைஞர்கள் சீவாளியை நீரில் நனைத்து, வாயில் வைத்துப் பதம் பார்த்து, ஆகாததை நீக்கி, மாற்றுச் சீவாளிகளைக் கருவியிலேயே தொங்கவிட்டுக்கொள்வர். சீவாளி தேயும் என்பதற்காக வாசிக்காமல் இருந்தவர் எவருமிலர். சிந்தசைசருக்கும் அவ்வாறே. நம் கரிசல் காட்டில் அதன் பகைவர் மூவர்: காற்றுக் காலத்துப் புழுதி, ஏறி இறங்கும் மின்சாரம், உள்ளே குடிபுகும் பல்லி. முதலாவதற்குப் பருத்தித் துணி உறை போதும். நெகிழி உறை வெப்பத்தை அடைத்து வைக்கும். இரண்டாவதற்கு ஸ்டெபிலைசர். ஜப்பானிலேயே விற்ற கருவியாயின் அது 100 வோல்ட்டுக்கு உரியது; நம் 230 வோல்ட்டில் நேரே செருகியவர் கருகல் நாற்றத்தை நுகர்ந்தபின் நம்மிடம் வருகிறார். பல்லிக்குப் பின்புறத் துளைகளில் வலைத்துணி. கட்டை ஒலிக்காவிடில் அடியிலுள்ள ரப்பர்த் தொடுவானை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். யாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறையேனும் மின்சாரம் கொடுத்து எல்லாக் கட்டைகளையும் குமிழ்களையும் இயக்க வேண்டும். இயங்காத குமிழ் அழுக்கேறிக் கரகரக்கும். இயங்காத கண்டென்சர் விரைவில் கெடும். பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று எண்ணுவோர் இதனை இருமுறை படிக்க.

ஆலயத்தில் இதற்கு இடமுண்டா என்பாருக்கு ஒருசொல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்தபின், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு ஏற்கிறது. குழாய் ஆர்கன் நம் கரிசல் சிற்றூர்களுக்கு எந்நாளும் வரப்போவதில்லை. நீண்டு நிற்கும் ஓர் அமைதியான சுரத்தை ஜூனோ தரும். அதன்மேல் மக்கள் பாடலாம்.

எனவே நம்மிடம் உள்ள கருவிக்கு நாம் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி முடிப்போம். அதற்குப் பூட்டு இல்லை. சனிக்கிழமை மாலைகளில், எந்த மதத்துப் பிள்ளையாயினும், கைகழுவிவிட்டு வாசிக்கலாம். பிற பங்குகளில் ஊமையாய்க் கிடக்கும் கருவிகளைக் கொண்டுவந்தால் திறந்து பார்ப்போம். படங்களின் நகலும் தருவோம். எதற்கும் காசு இல்லை, உதிரிப் பொருளின் விலை நீங்கலாக. இப்போது ஐந்தாவது குரல் கரகரக்கத் தொடங்கியிருக்கிறது. தீப்பெட்டி ஆலையில் வேலைசெய்யும் பாடகர் குழுப் பெண்கள் இருவர் சால்டரிங் அயன் பிடிக்கப் பழகிவருகிறார்கள். குச்சி அடுக்கித் தேர்ந்த விரல்கள், நடுங்குவதில்லை. இம்முறை சில்லைக் கழற்றுவது அவர்கள்தாம். மெக்கானிக் அருகில் நிற்பார்.